உற்றுநோக்கல் முறை (உளவியல்)

உளவியலில் உற்றுநோக்கல் முறை என்பது, மனிதரின் அல்லது விலங்கின் நடத்தையை அது நிகழும்போதே ஒரு திட்டத்துடன் கவனித்து, பதிவு செய்து, ஆராயும் முறையாகும். சோதனை முறையில் ஆய்வாளர் ஒரு காரணியைத் தாமே மாற்றி அதன் விளைவை அளப்பார். உற்றுநோக்கலில் அவர் பொதுவாக எதையும் மாற்றுவதில்லை. நடப்பதை நடக்கவிட்டுக் குறித்துக்கொள்வார். வினாத்தாள், நேர்காணல் ஆகியவற்றிலிருந்தும் இது வேறுபட்டது. அவை மனிதர் தம்மைப் பற்றிச் சொல்வதைத் திரட்டுகின்றன. இது அவர்கள் செய்வதைத் திரட்டுகிறது. சொல்வதும் செய்வதும் பல வேளைகளில் ஒன்றாக இருப்பதில்லை. மேலும், பேசத் தொடங்காத குழந்தையிடமோ விலங்கிடமோ வினாத்தாளை நீட்ட இயலாது.

தமிழ்நாட்டில் பலருக்கும் இம்முறை ஆசிரியர் பயிற்சிப் பாடங்கள் வழியாகவே அறிமுகமாகிறது. அகநோக்கு முறை, சோதனை முறை, தனியாள் ஆய்வு ஆகியவற்றுக்கு நடுவே சில வரிகளில் இதன் நிறைகுறைகள் சொல்லி முடிக்கப்படுவதுண்டு. கருவியோ ஆய்வகமோ தேவையில்லாததால் இது எளிய முறை என்ற எண்ணமும் உண்டு. ஆனால் ஒன்றைப் பார்த்ததிலிருந்து அதைப் பற்றி ஒரு முடிவுக்கு வருவது எவ்வளவு கடினம் என்பதற்குத் தமிழ்நாட்டிலேயே நல்லதோர் எடுத்துக்காட்டு உள்ளது.

வேலாயுதம்பாளையம்புதூர் ஆய்வு

தமிழ்நாட்டின் வேலாயுதம்பாளையம்புதூர் என்னும் சிற்றூரில் முத்துசாமி என்பவர் பெயரால் அமைந்த கோயில் ஒன்றுக்கு, மனநோயால் துன்புறுவோரை உறவினர்கள் அழைத்துவந்து தங்கவைக்கும் வழக்கம் இருந்தது. 2000-ஆம் ஆண்டில் ஆர். ரகுராம், ஏ. வெங்கடேசுவரன், ஜெயஸ்ரீ ராமகிருஷ்ணா, மிட்செல் வைஸ் ஆகியோர் மூன்று மாத காலம் இங்கு ஆய்வு நடத்தினர். உதவி நாடி வந்து தங்கிய 31 பேர், வந்த வரிசைப்படியே ஆய்வில் சேர்க்கப்பட்டனர். அவர்களில் 23 பேருக்கு ஐயப்பாட்டு வகை மனச்சிதைவு நோயும், 6 பேருக்கு மருட்சிக் கோளாறும், 2 பேருக்கு இருமுனைக் கோளாறும் இருந்தன.

கோயிலின் நடைமுறையில் ஆய்வாளர்கள் தலையிடவில்லை. வந்தவர்களுக்கென்று தனிச் சடங்கு எதுவும் அங்கு இல்லை. காலையில் நடைபெறும் சிறு பூசையில் கலந்துகொள்வதும், கோயிலைப் பெருக்குவது, செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றுவது போன்ற வேலைகளில் கைகொடுப்பதுமே அன்றாடம். வந்தபோது ஒரு முறையும் கிளம்பும்போது ஒரு முறையும், மனநல மருத்துவத்தில் பரவலாகப் பயன்படும் ஒரு மதிப்பீட்டு அளவுகோலால் அவர்களின் நோய்க்குறிகள் அளக்கப்பட்டன. அதன் சராசரி மதிப்பெண் 52.9-இலிருந்து 42.9-ஆகக் குறைந்தது, அதாவது ஏறத்தாழ 20 விழுக்காடு. உடன் தங்கிய உறவினர்களும் பெரும்பாலோர் தேறியிருப்பதாகவே கருதினர். மனநோய் மருந்துகள் பலவற்றால் கிடைக்கும் முன்னேற்றத்துக்கு இது ஒப்பானது என்று ஆய்வாளர்கள் குறிப்பிட்டனர். அச்சுறுத்தாத, ஆதரவான சூழலே இதற்குக் காரணமாகலாம் என்பது அவர்கள் தந்த விளக்கம். பிரித்தானிய மருத்துவ இதழில் 2002 ஜூலையில் இக்கட்டுரை வெளிவந்தது.

இதில் மதிப்பெண் 10 குறைந்தது என்பது கண்ட செய்தி. கோயிலில் தங்கியதால் குறைந்தது என்பது அதற்கு மேல் ஏற்றப்படும் விளக்கம். வேறு விளக்கங்களும் உள்ளன. குடும்பத்தினர் நோயாளியை வெளியூருக்கு அழைத்துச் செல்வது பொதுவாக நோய் முற்றிய வேளையில்தான். ஏறி இறங்கும் இயல்புடைய ஒரு நோயை அதன் உச்சத்தில் அளந்துவிட்டுச் சில வாரங்கள் கழித்து மீண்டும் அளந்தால், ஒன்றுமே செய்யாவிட்டாலும் மதிப்பெண் குறைந்திருக்க வாய்ப்புண்டு. ஊருக்குக் கிளம்பும் நாளும் தற்செயலானது அன்று. ஓரளவு தேறிய பிறகே பலர் கிளம்புவர். அதே நோயுடன் வீட்டிலேயே இருந்த 31 பேர் ஒப்பீட்டுக்கு இல்லை. எனவே இவ்விளக்கங்களில் எது சரி என்பதை இவ்வாய்வை மட்டும் கொண்டு தீர்மானிக்க இயலாது. ஆய்வு பயனற்றது என்று இதற்குப் பொருளில்லை. அதுவரை மருத்துவர்கள் பலர் எட்டிப் பாராமலே மூடநம்பிக்கை என்று ஒதுக்கிய ஓரிடத்தில் உண்மையில் என்ன நடக்கிறது என்பதை எண்களுடன் முன்வைத்ததே அதன் சிறப்பு.

வகைகள்

உற்றுநோக்கலைச் சூழலைக் கொண்டு பிரிக்கலாம். பூந்தமல்லி பேருந்து நிலையத்தில் ஓர் ஓரமாக நின்று, பேருந்து வந்ததும் யார் முதலில் ஏறுகிறார்கள், யார் யாருக்கு வழிவிடுகிறார்கள் என்று குறித்துக்கொள்வது இயற்கைச் சூழல் உற்றுநோக்கல். இதற்கு மாறாக, பார்க்க வேண்டிய நடத்தை வெளிப்படும் வகையில் ஆய்வாளரே ஒரு சூழலை அமைப்பது கட்டமைத்த உற்றுநோக்கல் ஆகும். மேரி ஐன்ஸ்வொர்த் 1954-55-இல் உகாண்டாவில் 26 தாய்மாரையும் அவர்களின் 28 குழந்தைகளையும் வீடுகளுக்கே சென்று கவனித்தார். பின்னர் அமெரிக்காவில், தாய் சற்று நேரம் அறையை விட்டு வெளியே போய்த் திரும்பும்போது குழந்தை எப்படி நடந்துகொள்கிறது என்பதைக் காண, ஏறத்தாழ 20 நிமிட நிகழ்முறை ஒன்றை வகுத்தார். முதலாவது இயற்கைச் சூழலைச் சேர்ந்தது, இரண்டாவது கட்டமைக்கப்பட்டது. வீடுகளில் செலவிட்ட காலம் இல்லாமல் அந்த 20 நிமிடம் பிறந்திருக்காது.

ஆய்வாளரின் இடத்தைக் கொண்டு பங்கேற்பு உற்றுநோக்கல், பங்கேற்காத உற்றுநோக்கல் என்றும் பிரிப்பர். பங்கேற்பு உற்றுநோக்கல் மானிடவியலிலிருந்து உளவியலுக்கு வந்தது. தமிழருக்கு நெருக்கமான எடுத்துக்காட்டு மார்கரெட் டிராவிக் எழுதி 1990-இல் வெளிவந்த நூலாகும். தமிழ்க் குடும்பம் ஒன்றுடன் வாழ்ந்து, அங்கு அன்பு எவ்வாறு வெளிப்படுகிறது என்பதை அவர் எழுதினார். தாயின் அன்பு அடக்கி வைக்கப்பட வேண்டிய ஒன்றாக அங்கே கருதப்பட்டதை அவர் கண்டார். பெற்ற குழந்தையைத் தாயே ஆசையோடு உற்றுப் பார்த்தால் கண்பட்டுவிடும் என்ற அச்சத்தைத் தமிழ் வாசகருக்கு விளக்க வேண்டியதில்லை.

கையில் பட்டியலுடன் வரும் ஓர் ஆய்வாளர் இதே வீட்டில் என்ன எழுதியிருப்பார் என்று எண்ணிப் பார்க்கலாம். தாய் குழந்தையைப் பார்த்துப் புன்னகைத்தது: இல்லை. கொஞ்சியது: இல்லை. பாராட்டியது: இல்லை. ஒவ்வொரு பதிவும் சரியானது; அவற்றின் கூட்டுத்தொகையாக அன்பு குறைந்த தாய் என்று எழுதினால் அது முற்றிலும் தவறு. எதை எண்ணுவது என்பதை ஒரு பண்பாட்டிலிருந்து எடுத்துக்கொண்டு மற்றொன்றில் எண்ணும்போது இப்பிழை நேர்கிறது. அந்த வீட்டில் நாள்கணக்கில் உண்டு உறங்கியவருக்கு இது தெரியவரும். ஆனால் அவ்வளவு நெருங்கியவர் அக்குடும்பத்தின் கண்ணோட்டத்தையே தம்முடையதாக ஆக்கிக்கொள்ளக்கூடும் என்பதும் உண்மையே.

பதிவு செய்தல்

நடத்தை ஓர் ஓடை போன்றது. முழுவதையும் பதிவு செய்ய முடியாது. எனவே எதை, எப்போது பார்ப்பது என்பதை முன்கூட்டியே வகுத்துக்கொள்கின்றனர். குறித்த நேரங்களில் மட்டும் பார்ப்பது நேர மாதிரி எடுத்தல் எனப்படும். குழந்தைகளின் விளையாட்டை ஆராய்ந்த மில்ட்ரெட் பார்ட்டன், ஒவ்வொரு குழந்தையையும் ஒரு நிமிடம் வீதம் பல நாள்கள் கவனித்து, 1932-இல் வெளியிட்ட வகைப்பாடு இன்றும் பாடங்களில் உள்ளது. சண்டை போன்ற ஒரு நிகழ்வு எப்போது நேர்ந்தாலும் அதைத் தொடக்கம் முதல் முடிவு வரை குறித்துக்கொள்வது நிகழ்வு மாதிரி எடுத்தல் ஆகும். அரிதாக நடப்பவற்றுக்கு இதுவே ஏற்றது.

இந்தியாவில் இவ்வகையில் புகழ்பெற்ற ஆய்வு, உத்தரப் பிரதேசத்தில் கலாப்பூர் என்ற புனைபெயர் தரப்பட்ட ஊரில் 1950-களில் நடந்ததாகும். பியாட்ரிசு வைட்டிங், ஜான் வைட்டிங் ஆகியோர் வழிநடத்திய ஆறு பண்பாடுகள் ஆய்வின் ஒரு பகுதி இது. ஆறு நாடுகளிலும் சேர்த்து 3 முதல் 11 வயது வரையிலான 134 குழந்தைகள் ஐந்து ஐந்து நிமிடங்களாக உற்றுநோக்கப்பட்டனர். கலாப்பூரில் இராசபுத்திரப் பெண்கள் முக்காடிட்டு வீட்டு முற்றத்துக்குள்ளேயே வாழ்ந்தனர். ஆகவே முற்றத்தில் சென்று அமரக்கூடிய பெண் ஆய்வாளரான லீ மின்டர்ன் இல்லாவிட்டால், தாய்மார் பற்றிய பகுதியே கிடைத்திருக்காது. யார் பார்க்கிறார் என்பது எதைப் பார்க்க முடியும் என்பதையே தீர்மானித்துவிடுகிறது.

ஒருவர் பதிவு செய்ததை மற்றொருவரும் அவ்வாறே பதிவு செய்வாரா என்பது அடுத்த கேள்வி. இதை ஒரு கற்பனைக் கணக்கால் விளக்கலாம். அம்பத்தூர் தொழிற்பேட்டைப் பேருந்து நிறுத்தத்தில் இரு மாணவர்கள் தனித்தனியாக நின்று, பேருந்தில் ஏறும் 100 பேரில் யார் வண்டி நிற்கும் முன்பே ஏறினார்கள் என்று குறிப்பதாகக் கொள்வோம். 20 பேரை இருவருமே 'முன்பே ஏறினார்' என்றும், 60 பேரை இருவருமே 'நின்றபின் ஏறினார்' என்றும் குறிக்கின்றனர். மீதி 20 பேரில் 10 பேரை முதலாமவர் மட்டும், 10 பேரை இரண்டாமவர் மட்டும் 'முன்பே ஏறினார்' என்கின்றனர். ஒத்துப்போனது 80 விழுக்காடு. இது நல்ல எண்ணாகத் தெரிகிறது. ஆனால் இருவரும் தலா 30 பேரை 'முன்பே' என்று குறித்துள்ளனர். அவர்கள் கண்ணை மூடிக்கொண்டு இதே அளவில் குறித்திருந்தாலும் 0.3 × 0.3 + 0.7 × 0.7 = 0.58, அதாவது 58 விழுக்காடு தற்செயலாகவே ஒத்துப்போயிருக்கும். தற்செயலைக் கழித்தால் (0.80 − 0.58) ÷ (1 − 0.58) = 0.52 மட்டுமே மிஞ்சும். ஜேக்கப் கோகென் 1960-இல் முன்வைத்த கப்பா என்னும் இவ்வளவை, பார்ப்போர் உடன்பாட்டைக் குறிக்கப் பெரிதும் பயன்படுகிறது. 0.52 வந்தால் மாணவர்களைக் குறை கூறுவதைவிட, 'வண்டி நிற்கும் முன்பு' என்பதன் வரையறையைத் திருத்துவதே முறை. மெதுவாக ஊர்ந்துகொண்டிருக்கும் பேருந்து நின்றதாகக் கணக்கா, இல்லையா?

பார்க்கப்படுவதால் ஏற்படும் மாற்றம்

தாம் கவனிக்கப்படுவதை அறிந்தவர் இயல்பாக இருப்பதில்லை. கடிகாரத்துடன் நேர ஆய்வு செய்ய ஒருவர் வந்து நின்றால் தொழிலாளியின் கைவேகம் மாறும் என்பது அம்பத்தூரில் இயந்திரப் பட்டறைகளை அறிந்தவர்களுக்குப் புதிய செய்தியன்று. மென்பொருள் எழுதுவோருக்கும் இது பழக்கமானதே. பிழையைத் தேடக் கருவியைப் பொருத்தியவுடன் மறைந்துவிடும் பிழைகள் உண்டு.

இம்மாற்றத்தை அளந்தும் பார்த்துள்ளனர். வங்காளதேசச் சிற்றூர்களில் நடந்த ஓர் ஆய்வில், அசைவை உணரும் கருவி பொதிந்த சோப்புக் கட்டிகள் வீடுகளில் வைக்கப்பட்டன. ஆய்வாளர் வந்து உட்கார்ந்து கை கழுவுவதைக் கவனித்த நாளில் சோப்பின் அசைவு 35 விழுக்காடு கூடியது. 2010-இல் வெளியான இம்முடிவு, கை கழுவுவதைப் பற்றி நேரில் கண்டு எழுதப்பட்ட எண்களை எச்சரிக்கையுடன் படிக்கச் சொல்கிறது.

இதைக் குறைக்கும் வழிகள் சில உண்டு. நெடுநாள் தங்கிப் பழகிப்போவது ஒன்று. முன்னறிவிப்பின்றிச் செல்வது இன்னொன்று. 2003-இல் இந்திய அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கு இவ்வாறு சென்ற பெரிய ஆய்வொன்றில் ஆசிரியர்களில் 25 விழுக்காட்டினர் பள்ளியில் இல்லை என்பதும், ஏறத்தாழப் பாதிப்பேரே பாடம் நடத்திக்கொண்டிருந்தனர் என்பதும் தெரியவந்தது. வருகைப் பதிவேட்டை மட்டும் நம்பியிருந்தால் இது தெரிந்திருக்காது.

பார்ப்பவரால் ஏற்படும் பிழை

மேற்கு வங்காளத்தின் மிட்னாப்பூரில் ஆதரவற்றோர் இல்லம் நடத்திய பாதிரியார் ஜே. ஏ. எல். சிங், 1920-இல் ஓநாய்க் குகையிலிருந்து இரு சிறுமியரை மீட்டதாகக் கூறினார். கமலா, அமலா எனப் பெயரிடப்பட்ட இவர்களில் அமலா 1921-இலும் கமலா 1929-இலும் இறந்தனர். நான்கு காலால் நடந்தனர், இரவில் ஊளையிட்டனர், பச்சை இறைச்சியை உண்டனர் என்றெல்லாம் சிங்கின் நாட்குறிப்பு கூறியது. குழந்தை வளர்ச்சி ஆய்வில் பெரும் பெயர் பெற்ற ஆர்னால்டு கெசெல் இதை நம்பி 1941-இல் ஒரு நூல் எழுதினார். நாட்குறிப்பு 1942-இல் மானிடவியலாளர் ராபர்ட் சிங்குடன் இணைந்து வெளியிடப்பட்டது. இவ்வரலாறு இந்தியப் பாடநூல்களிலும் இடம்பெற்றது. மனிதன் சமூகத்தால் உருவாகிறான் என்பதற்குச் சான்றாக மாணவர்கள் இதைத் தேர்வில் எழுதிவந்துள்ளனர்.

இங்கு பதிவு செய்தவர் ஒருவரே. ஓநாய்க் குகை பற்றிய முடிவை ஏற்கெனவே கொண்டிருந்தவரும் அவரே. சரிபார்க்க இரண்டாவது கண் இல்லை. இச்சிறுமியர் தன்மயக் கோளாறு உடையவர்களாக இருக்கலாம் என்று புரூனோ பெட்டல்ஹைம் 1959-இல் எழுதினார். பிரெஞ்சு மருத்துவரான செர்ஜ் அரோல் 2007-இல் வெளியிட்ட நூலில், ஆவணங்களை ஆராய்ந்து, நாட்குறிப்பு அன்றன்று எழுதப்பட்டதன்று, பின்னாளில் புனையப்பட்டது என்று வாதிட்டார். அவர் கூறுவது சரியானால், வளர்ச்சிக் குறைபாடுடைய ஒரு குழந்தையின் துன்பத்தையே நாம் ஓநாய்க் கதையாகப் படித்து வந்திருக்கிறோம்.

காரணம் காணலும் நெடுங்கால உற்றுநோக்கலும்

ஒரே மக்களை ஆண்டுக்கணக்கில் தொடர்ந்து கவனிப்பது கோயில் ஆய்வில் கண்ட குறைகளில் ஒன்றைத் தீர்க்கும்: நோய் தானாக ஏறி இறங்குவதை அது காட்டிவிடும். உலக நல அமைப்பு 1960-களின் இறுதியில் தொடங்கிய மனச்சிதைவு நோய் ஆய்வில் ஒன்பது நாடுகளைச் சேர்ந்த 1,202 நோயாளிகள் சேர்க்கப்பட்டனர். இந்தியாவின் மையம் ஆக்ரா. வளரும் நாடுகளில் நோயாளிகள் நன்றாகத் தேறுகின்றனர் என்ற எதிர்பாராத முடிவு கிடைத்தது. கூட்டுக் குடும்பமே காரணம் என்ற விளக்கம் விரைவில் பரவியது. நமக்குப் பெருமை தரும் விளக்கம் என்பதால் இங்கு அது கேள்வியின்றி ஏற்கப்பட்டது எனலாம்.

சென்னையில் 1980-களின் தொடக்கத்தில், முதன்முறையாக மனச்சிதைவு நோய்க்கு ஆளான 90 பேரைக் கொண்டு தொடங்கிய நெடுங்கால ஆய்வு இத்துறையில் முக்கியமானது. ஆர். தாராவும் அவர்தம் குழுவினரும் இவர்களை இருபது ஆண்டுகளுக்கும் மேலாகப் பின்தொடர்ந்தனர். இவ்வாய்வைத் தொடர்ந்த ஸ்கார்ஃப் நிறுவனம், மருத்துவர் சாரதா மேனனால் 1984-இல் நிறுவப்பட்டு, பாடியை அடுத்த அண்ணா நகர் மேற்கு விரிவில் இயங்கிவருகிறது. இருபதாம் ஆண்டில் மீண்டும் காண முடிந்தது 61 பேரையே. மற்றவர்களில் சிலர் இறந்துவிட்டனர், சிலர் ஆய்விலிருந்து விலகிவிட்டனர். எஞ்சியவர்களை மட்டும் எண்ணினால் முடிவு உள்ளதைவிட நன்றாகத் தோன்றும். அலெக்ஸ் கோகென், விக்ரம் பட்டேல், ஒயே குரேஜே ஆகியோருடன் தாராவும் சேர்ந்து 2008-இல் எழுதிய கட்டுரை, வளரும் நாடுகளில் நோய் நன்றாகத் தேறுகிறது என்ற கருத்தையே மறுபரிசீலனைக்கு உட்படுத்தியது. இறப்பு, திருமணம், வேலை, சிகிச்சை கிடைக்காமை ஆகியவற்றைச் சேர்த்துப் பார்த்தால் அது அவ்வளவு உறுதியானதன்று என்பது அவர்களின் வாதம்.

அறநெறி

பொது இடத்தில், பெயர் குறிக்காமல், எவருக்கும் தீங்கின்றிப் பார்ப்பதற்கு ஒவ்வொருவரிடமும் ஒப்புதல் பெறுவது வழக்கமில்லை. வீடு, மருத்துவமனை, வழிபாட்டிடத்து விடுதி போன்றவற்றில் ஒப்புதல் தேவை. தம்மால் ஒப்புதல் தர இயலாத நிலையில் உள்ளவரைப் பொறுத்துச் சிக்கல் கூடுகிறது. மறைவாகப் பார்ப்பது ஆய்வின் நம்பகத்தன்மையையும் குலைக்கக்கூடும். 1973-இல் டேவிட் ரோசன்ஹான் வெளியிட்ட புகழ்பெற்ற கட்டுரையில், மனநோயாளிகளாக நடித்து எட்டுப் பேர் மருத்துவமனைகளில் சேர்ந்ததாகக் கூறப்பட்டது. அவர்கள் யாரென்று வெளியிடப்படாததால் எவராலும் சரிபார்க்க முடியவில்லை. 2019-இல் சூசன்னா காகலன் எழுதிய நூல், அவ்வாய்வின் நம்பகத்தன்மையைப் பற்றிக் கடுமையான ஐயங்களை எழுப்பியது.

எல்லாவற்றிலும் கடினமான கேள்வி, பார்ப்பவர் எப்போது பார்ப்பதை நிறுத்திவிட்டுச் செயல்பட வேண்டும் என்பது. வேலாயுதம்பாளையம்புதூர் ஆய்வு நடந்து முடிந்து, கட்டுரை வெளிவருவதற்கு முன், ஆகஸ்ட் 6, 2001 அன்று இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் தனியார் மனநல விடுதி ஒன்று தீப்பற்றியது. சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்த நோயாளிகள் தப்ப முடியவில்லை. 28 பேர் உயிரிழந்தனர். ஏர்வாடி தர்காவை நம்பி வந்தவர்களைத் தங்கவைக்க எழுந்த விடுதிகளில் அதுவும் ஒன்று. சங்கிலிகள் ஒளிவுமறைவாக இருக்கவில்லை. வந்து சென்ற எத்தனையோ பேர் அவற்றைப் பார்த்திருந்தனர்.

இதன்பின் உரிமம் பெறாத விடுதிகள் மூடப்பட்டன. 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், மனநோய் உள்ளவரை எவ்வகையிலும் சங்கிலியால் பிணைப்பதைத் தடைசெய்தது. நம்பிக்கைத் தலங்கள் அனைத்தையும் மூடிவிட வேண்டும் என்போரும், அவற்றில் ஏதோ பயன் இருப்பதை 31 பேரின் எண்கள் காட்டுகின்றன என்போரும் இன்றும் உள்ளனர். அந்த எண்கள் இரு தரப்புக்கும் முழுச் சான்றாக மாட்டா. ஒரு கோயிலில், ஆதரவாக நடத்தப்பட்டவர்களிடம் கண்டதை, சங்கிலி இருந்த விடுதிகளுக்குப் பொருத்திக் கூற இயலாது. குஜராத்தின் மீரா தாதர் தர்காவில் 2008-இல் தொடங்கி, பின்னர் ஏர்வாடியிலும் கொண்டுவரப்பட்ட திட்டத்தின்படி, தொழ வருவோருக்கு அவ்விடத்திலேயே மனநல மருத்துவரும் மருந்தும் கிடைக்கின்றன. மருந்துடன் தங்குவோர், மருந்தின்றித் தங்குவோர், வீட்டில் இருந்தபடி மருந்து உண்போர் ஆகிய மூவகையினரையும் ஒரே அளவுகோலால் தொடர்ந்து பார்த்தால், கோயில் ஆய்வு விடை தராமல் விட்ட கேள்வியை ஓரளவேனும் அணுக முடியும்.